மகளைப் பறிகொடுத்த தாய்

1878-ம் ஆண்டு. லண்டன் நகரில் ஒரு வீட்டு வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். அவனை அனுப்பியவர் அந்த வீட்டுக் குழந்தையின் தகப்பனார். உள்ளே மேபல் என்ற சிறுமி இருந்தாள். எட்டு வயது நிரம்பவில்லை. கடுங்காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் தேறி வந்தாள். அவள் அலறினாள், திமிறினாள். வந்தவன் விடவில்லை. கோர்ட்டு உத்தரவு அவன் பக்கம் இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பெற்ற தாய் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தாய்தான் டாக்டர் அன்னி பெசன்ட் அம்மையார். சென்னையில் பெசன்ட் நகர் இருக்கிறதே, அது அவர் பெயரால் அமைந்ததுதான்.

பாதிரியாரின் மனைவி

அன்னி 1847-ல் லண்டனில் பிறந்தார். ஐந்து வயதில் தகப்பனாரை இழந்தார். 1867-ல் பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாருக்கு வாழ்க்கைப்பட்டார். 1869-ல் மகன் டிக்பி பிறந்தான். மறு ஆண்டு மேபல் பிறந்தாள்.

குடும்பம் ஒட்டவில்லை. அன்னி ஒரு கதை எழுதி 30 ஷில்லிங் சம்பாதித்தார். அவர் கையால் சம்பாதித்த முதல் பணம் அது. அதுவும் கணவனுக்கே சொந்தம் என்றது அன்றைய ஆங்கிலேயச் சட்டம்.

பிறகு கைக்குழந்தை மேபலுக்குக் கக்குவான் இருமல் வந்தது. பச்சைக் குழந்தை மூச்சுக்குத் திணறியதைப் பார்த்த தாய்க்குக் கடவுள் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கோயில் சடங்கில் கலந்துகொள்ள மறுத்தார். சடங்குக்கு வா, இல்லாவிட்டால் வீட்டை விட்டுப் போ என்றார் கணவர். அன்னி வெளியேறினார். 1873-ல் பிரிவினைப் பத்திரம் எழுதினார்கள். மகன் தகப்பனிடம், மகள் தாயிடம் என்று முடிவாயிற்று. இது விவாகரத்து அல்ல. 1917-ல் பிராங்க் இறக்கும் வரை சட்டப்படி இருவரும் கணவன் மனைவியே.

கோர்ட்டில் தாய்

1877-ல் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிய ஒரு சிறு நூலை அன்னியும் அவருடைய நண்பர் சார்லஸ் பிராட்லாவும் வெளியிட்டார்கள். ஆபாச நூல் என்று வழக்கு நடந்தது. ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, அப்பீலில் ரத்தாயிற்று. சிறை தப்பியது, மகள் தப்பவில்லை. நாத்திகம் பேசுகிறவளிடம், இப்படிப்பட்ட புத்தகம் போடுகிறவளிடம் பெண் குழந்தை வளரலாமா என்று தகப்பனார் வழக்குத் தொடுத்தார். அன்னி வக்கீல் வைக்காமல் தாமே வாதாடினார். தோற்றார்.

அதன் பிறகு பிள்ளைகளைப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு சந்திப்பும் பிள்ளைகளுக்குச் சித்திரவதை ஆயிற்று. இரு பக்கமும் இழுபட்டுப் பிஞ்சு மனங்கள் வாடின. அன்னி ஒரு முடிவுக்கு வந்தார். பிள்ளைகள் வளர்ந்து தாங்களே சிந்திக்கும் காலம் வரை அவர்களைப் பார்ப்பதில்லை, கடிதமும் எழுதுவதில்லை! உரிமை இருந்தும் ஒதுங்கி நின்றார். எத்தனை பேருக்கு இது வரும்? துக்கத்தை மறக்கக் கணக்கும் விஞ்ஞானமும் படித்தார்.

ஆண்டுகள் ஓடின. மேபல் வயது வந்ததும் தாயைத் தேடி வந்தாள். டிக்பியும் வந்தான். தகப்பன் வீட்டில் வளர்ந்த இருவரும் தாயின் பிரம்மஞான சபையிலேயே சேர்ந்தார்கள்.

அடையாறில் இரண்டு சிறுவர்கள்

1893-ல் அம்மையார் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். 1907-ல் பிரம்மஞான சபையின் தலைவரானார். அடையாறு அவருக்கு வீடாயிற்று.

அங்கே நாராயணய்யா என்ற ஓய்வுபெற்ற அதிகாரி சபையில் வேலை பார்த்தார். மனைவியை இழந்தவர். அவருடைய பிள்ளைகளில் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தம் என்ற இருவரை அம்மையார் வளர்க்க விரும்பினார். உலகுக்கு வழிகாட்டும் குருவாக கிருஷ்ணமூர்த்தி வருவான் என்று நம்பினார். 1910-ல் தகப்பனார் சம்மதித்துப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் சீமைக்குப் போனார்கள்.

அம்மையாரின் சகா ஒருவரிடம் பிள்ளைகள் பழகுவது தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. 1912-ல் வழக்குத் தொடுத்தார். அவர் பக்கம் வாதாடியவர் சி.பி.ராமசாமி அய்யர். இங்கும் அம்மையார் தமக்குத் தாமே வாதாடினார். 1913-ல் சென்னை ஐகோர்ட்டு தகப்பனாருக்கே பிள்ளைகள் என்றது. அப்பீலிலும் அதே தீர்ப்பு. பிள்ளையைப் பறிகொடுக்கும் வேதனை அம்மையாருக்குத் தெரியாததா? ஆனாலும் விடவில்லை. லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1914-ல் அவர் ஜெயித்தார். பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள், அவர்கள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை என்று பிரிவி கவுன்சில் சொன்னது.

மேபலை 1878-ல் எந்த நீதிபதியும் கேட்கவில்லை. நம் நாட்டில் 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு, முடிந்தவரை பிள்ளைகளின் விருப்பத்தையும் பார்க்கச் சொல்கிறது.

எதிர் வக்கீலாக நின்ற சி.பி.யே பிறகு அம்மையாரின் சுயாட்சி இயக்கத்தில் வலது கையானார்! நாராயணய்யாவின் கதை வேறு. 1912-ல் போன மக்களை அவர் மறுபடி பார்த்தது 1921-ம் ஆண்டு இறுதியில்தான். அப்போது அவர்கள் வாலிபர்கள். 1924-ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு நித்யானந்தமும் அமெரிக்காவில் இறந்துபோனார்.

1929 ஆகஸ்டில் ஹாலந்து நாட்டில் பெரும் கூட்டம் கூடியிருந்தது. தம்மைக் குருவாக வைத்து நடந்த சங்கத்தைக் கலைத்துவிட்டதாக அங்கே கிருஷ்ணமூர்த்தி அறிவித்தார். அம்மையாருக்கு அப்போது வயது 81. இருபது ஆண்டுக் கனவு கண் முன்னே கலைந்தது. அவர் கிருஷ்ணமூர்த்தியை வெறுக்கவில்லை. கிருஷ்ணமூர்த்தியும் அவரை அம்மா என்று அழைப்பதை விடவில்லை. 1933 செப்டம்பர் 20-ந்தேதி, 85-வது வயதில், அடையாறில் அம்மையார் கண்ணை மூடினார்.