வேப்பெண்ணெயைப் பிரித்துக் காட்டிய சலீமுஸ்ஸமான் சித்திகி

மீன் பண்ணை வைத்திருக்கும் நண்பர்களே, கெண்டை மீன்களில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் மீன் பேனுக்கு வேம்பின் சத்தை நானோ துகளில் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் சலீமுஸ்ஸமான் சித்திகி.

1897-ல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில் பிறந்தவர். அலிகாரில் படித்தது தத்துவமும் பாரசீகமும்தான். பிறகு ஜெர்மனி போய், 1927-ல் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். நல்ல ஓவியரும்கூட. திரும்பி வந்து டெல்லியில் ஹக்கீம் அஜ்மல் கான் தொடங்கிய மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்தார். சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்த மருந்துப்பொருளுக்கு அஜ்மலின் என்று ஹக்கீமின் பெயரையே வைத்தார்.

நமக்கு முக்கியமானது 1942. வேப்பெண்ணெய் கசக்கும், பூச்சியை விரட்டும் என்பது நம் பாட்டிகளுக்கே தெரியும். எந்தப் பொருள் கசக்கிறது என்பதுதான் தெரியாது. சித்திகி ஈதர், எத்தில் அசிடேட், நீர்த்த ஆல்கஹால் என்று வெவ்வேறு கரைப்பான்களால் எண்ணெயைப் படிப்படியாகப் பிரித்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என மூன்று கசப்புப் பொருள்களைத் தனியாக எடுத்துக் காட்டினார். பூச்சிகளை அதிகம் பாதிக்கும் அசாடிராக்டின் 1968-ல் இங்கிலாந்தில் பிரிக்கப்பட்டது. மீன் பேனுக்கு எதிராக ஆய்வாளர்கள் சோதிப்பது பெரும்பாலும் இதைத்தான்.

1951-ல் பாகிஸ்தான் சென்ற சித்திகி, அங்கே அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தை உருவாக்கினார். 1961-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1994-ல் கராச்சியில் 96 வயதில் காலமானார்.

தனியாகப் பிரித்த பொருளைத்தான் அளந்து கொடுக்க முடியும். இல்லாவிட்டால் ஒரு எண்ணெய்க்கும் இன்னொன்றுக்கும் வீரியம் மாறும். பேனுக்கு முன்னால் மீன் செத்துவிடும். தவிர, அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதையும், எண்ணெயும் குளத்து நீரில் கலக்காமல் மிதக்கும். இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் போன்றவற்றின் நுண்துகளுக்குள் அடைத்தால் சிதைவு குறையும், மருந்தும் மெதுவாக வெளிவரும். வேப்பிலைச் சாற்றால் வெள்ளித் துகள் தயாரிக்கும் முறையும் உண்டு; ஆனால் வெள்ளி மீனின் செவுளையே பாதிக்கக்கூடியது. எனவே நானோ என்று சொல்லி விற்கும் புட்டியை நம்பி குளத்தில் ஊற்றிவிடாதீர்கள். மீன்வளத் துறை அலுவலரிடம் கேட்டபின் முடிவெடுங்கள். அதுவரை குளத்தில் மூங்கில் கம்புகளை நட்டு வையுங்கள். பேன் அதில் முட்டையிடும். அவ்வப்போது பிடுங்கி நன்றாகக் காயவைத்து மறுபடி நடலாம்.