முகக்கவரிக்குப் பின்னால் ஒரு பினாங்கு மருத்துவர்

கோவிட் காலத்தில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனவர்கள் முதல் பள்ளி மாணவர்களாக இருந்த நாங்கள் வரை எல்லாரும் முகக்கவரி அணிந்தோம். கொள்ளைநோயைத் தடுக்க அதைப் பெருமளவில் பயன்படுத்திக் காட்டியவர் நம் பினாங்குக்காரர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர்தான் டாக்டர் வூ லியன் தே.

1879 மார்ச் 10-இல் ஜார்ஜ்டவுனில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்து, உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார். தாயகம் திரும்பியபோது உயர் மருத்துவப் பதவிகள் பிரிட்டிஷாருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. எனவே பினாங்கில் சொந்தக் கிளினிக் தொடங்கினார்.

அன்று அபின் வியாபாரம் அரசுக்கும் செல்வந்தர்களுக்கும் பணம் காய்ச்சி மரம். ஏழைத் தொழிலாளர்கள் அதற்கு அடிமையாவதைக் கண்ட வூ, துணிந்து எதிர்த்தார். விளைவு? அவருடைய கிளினிக்கில் இருந்த அபின் கலந்த மருந்துக்காக அவருக்கே அபராதம் விதிக்கப்பட்டது. 1908-இல் சீனா சென்றார்.

1910 இறுதியில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் பிளேக் பரவியது. பிரேதப் பரிசோதனை செய்த வூ, இது எலியின் தெள்ளுப்பூச்சியால் அல்ல, மூச்சுக்காற்றின் வழி பரவும் நுரையீரல் பிளேக் என்று கண்டறிந்தார். காஸ் துணியையும் பஞ்சையும் அடுக்கி முகக்கவரி செய்யச் சொன்னார். அதை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி சில நாள்களிலேயே பிளேக்கால் இறந்தார்.

அடுத்த சோதனை இன்னும் கடினமானது. நிலம் உறைந்துபோனதால் 2,000-க்கும் மேற்பட்ட உடல்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. உடலை எரிப்பது சீன மரபுக்கு முரணானது. வூ மரபை இகழவில்லை. அரசவையிடம் காரணத்தை விளக்கி, அனுமதி பெற்ற பிறகே எரித்தார். சுமார் 60,000 பேரைப் பலிகொண்ட நோய், 1911 மார்ச்சில் ஹார்பினில் ஓய்ந்தது. ஏப்ரலில் முக்டென் நகரில் அவர் தலைமையில் பிளேக் மாநாடு கூடியது. சில ஆண்டுகளுக்கு முன்பு அதே மண்ணில் போரிட்ட ரஷ்யாவும் ஜப்பானும் அங்கே ஒன்றாக அமர்ந்தன.

1937-இல் மலாயா திரும்பி, ஈப்போவில் ஏழைகளுக்கு இலவச மருத்துவம் பார்த்தார். அங்கே பொது நூலகம் அமையவும் பாடுபட்டார். 1960 ஜனவரி 21-இல் பினாங்கிலேயே மறைந்தார்.

கற்ற அறிவு நம் பதவிக்காக மட்டும் அல்ல. இனமும் எல்லையும் பாராமல் அடுத்தவர் உயிரைக் காக்கவே என்பதுதான் அவர் வாழ்ந்து காட்டிய தத்துவம். பட்டம் பெறக் காத்திருக்கும் நமக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்?