1962 ஆசியத் தங்கத்தைக் காத்த கோல் கீப்பர்... யார் இந்த பீட்டர் தங்கராஜ்?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ சாயங்காலம் பந்து உதைக்கும் பசங்களிடம், பிடித்த கோல் கீப்பர் யார் என்று கேட்டுப் பாருங்கள். மார்டினெஸ், நோயர் என வெளிநாட்டுப் பெயர்கள் சட்டென வரும். பீட்டர் தங்கராஜ் என்ற பெயர் வருவது அபூர்வம். இத்தனைக்கும், ஒரு காலத்தில் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்று கொண்டாடப்பட்டவர் அவர். 2024-ல் வெளியான 'மைதான்' இந்திப் படத்தில் அவரும் ஒரு கதாபாத்திரம். ஆனால் நிஜத் தங்கராஜின் கதை பலருக்கும் தெரியாது.

கோல் அடிக்க வந்தவர்!

1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர் தங்கராஜ். செகந்திராபாத்தின் சின்னச் சின்ன கிளப்களில் ஆடிப் பழகியவர், 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம்தான் அவரை உருவாக்கிய இடம். ஆரம்பத்தில் அவர் கோல் அடிக்கும் சென்டர் ஃபார்வர்டு. பிறகுதான் கோல் போஸ்ட்டுக்கு வந்தார். ஆறடிக்கும் மேலான உயரம் அதற்குக் கைகொடுத்தது. 1955, 1958 என இரண்டு முறை டூரண்ட் கோப்பையை வென்றது அந்த ராணுவ அணி.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா 4-வது இடம் பிடித்தபோது அணியில் இருந்தார் தங்கராஜ். அப்போது அவருக்கு 21 வயதுகூட நிரம்பவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் ஆடினார். அங்கே பலமான ஹங்கேரியிடம் 1-2 எனப் போராடித் தோற்ற இந்தியா, பிரான்ஸை 1-1 எனச் சமன் செய்தது.

ஜகார்த்தாவில் என்ன நடந்தது?

1962 ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. அதை இந்திய அதிகாரி ஜி.டி.சோந்தி எதிர்த்ததால், உள்ளூர் மக்கள் இந்தியா மீது கடும் கோபத்தில் இருந்தார்கள். தங்கராஜுக்கோ காய்ச்சல். அரையிறுதியில் பிரத்யுத் பர்மன்தான் கோல் கீப்பர்.

இறுதிப் போட்டியில் எதிரணி தென்கொரியா. தொடரின் முதல் ஆட்டத்திலேயே இந்தியாவை 2-0 என வீழ்த்திய அணி. உயரமாக வரும் பந்துகளைச் சமாளிக்க ஆள் வேண்டும் என்பதால், காய்ச்சலில் இருந்து எழுந்த தங்கராஜை இறக்கினார் பயிற்சியாளர் ரஹீம். ரஹீமும் அப்போது புற்றுநோயுடன் போராடிக்கொண்டிருந்தார்.

மைதானம் முழுக்க எதிர்ப்புக் கூச்சல். பி.கே.பானர்ஜி, ஜர்னைல் சிங் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். கடைசி நேரத்தில் கொரியா ஒன்றைத் திருப்பியது. அதற்கு மேல் விடவில்லை தங்கராஜ். 2-1. தங்கம் இந்தியாவுக்கு!

அப்புறம் ஏன் மறந்தோம்?

கோல் அடித்தவர் பெயர் ஸ்கோர் அட்டையில் நிற்கும். தடுத்தவர் பெயருக்கு அங்கே இடமில்லை. வீட்டில் டிவி இல்லாத காலம் என்பதால், அவர் பாய்ந்து பிடித்த பந்துகளைத் திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. அவர் புகழோடு ஆடிய கிளப்களும் கொல்கத்தாவில். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என மூன்று பெரிய கிளப்களுக்கும் ஆடியவரை வங்காளம் கொண்டாடிய அளவுக்குத் தமிழ்நாடு கொண்டாடவில்லை.

1964 ஆசியக் கோப்பையில் இந்தியா 2-வது இடம் பிடித்த அணியிலும் அவர் இருந்தார். 1967-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. கால்பந்தில் அந்த விருதைப் பெற்ற முதல் கோல் கீப்பர் அவர்தான். 1971-ல் ஓய்வு. பிறகு பயிற்சியாளராக இருந்தார். ஜார்க்கண்டின் இரும்பாலை நகரமான பொகாரோவில், 2008 நவம்பர் 24-ம் தேதி மாரடைப்பால் காலமானார்.

ஜகார்த்தாவுக்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஆசிய விளையாட்டு கால்பந்தில் இந்தியா இன்னொரு தங்கம் வெல்லவே இல்லை. கடைசித் தங்கத்தின்போது கோல் போஸ்ட்டில் நின்றவர் என்ற பெருமை இன்றும் தங்கராஜிடம்தான் இருக்கிறது.