வள்ளல் சீதக்காதி

சீதக்காதி 17-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல். அவரது இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். கடல் வாணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய அவர், மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பாவைத் தம் குருவாகக் கொண்டார். இஸ்லாத்தில் ஈகை ஒரு கடமை என்பதைக் கற்றதோடு நில்லாமல், அதன்படி வாழ்ந்தும் காட்டினார்.

ஒருமுறை கொடிய பஞ்சம் வந்தது. நெல்லும் பொன்னும் ஒரே எடைக்கு விற்றதாகச் சொல்வர். தானியத்தைப் பதுக்கியோருக்குக் கொள்ளை இலாபம் கிடைக்கும் காலம் அது. சீதக்காதியோ சமய வேறுபாடு பாராமல் பசித்தோர் அனைவருக்கும் உணவளித்தார்.

உமறுப் புலவர் சீறாப்புராணம் இயற்றவும் அவரே ஆதரவளித்தார். ஆனால், அந்நூல் நிறைவுறும் முன்பே மறைந்தார். இறந்த பின்னும் கொடுத்தவர் என்று தமிழர் அவரை இன்றும் போற்றுகின்றனர். கற்ற அறிவு நற்பண்பாக மலர வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.