அறிவும் அருளும்

உயிர்களின் உடலமைப்பை அறியும்பொருட்டு அவற்றை அறுத்தலும் ஆய்வுக்கு உட்படுத்தலும் அறமாகுமா? 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டுக் கற்றோரை இரு பிரிவினராக்கிய வினா இது. உயிரினங்களின் தோற்றத்தை விளக்கி உலகப் புகழ் எய்திய சார்லஸ் டார்வின், இவ்வினாவின் இரு பக்கங்களையும் தம் வாழ்விலேயே உணர்ந்தவர் ஆவார்.

டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பெயர் பெற்ற மருத்துவர். எட்டு வயதில் தாயை இழந்த சிறுவரைத் தமக்கையர் பேணி வளர்த்தனர். பிற உயிர்களிடத்து இரக்கம் கொள்ளும் பண்பு அவர்கள் வாயிலாகவே அவர் உள்ளத்தில் வேரூன்றியது. பறவைகளின் முட்டைகளைத் திரட்டுவதில் அவருக்குப் பெருவிருப்பம் உண்டு; எனினும், ஒரு கூட்டிலிருந்து ஒரு முட்டைக்கு மேல் எடுப்பதில்லை என்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். மண்புழுவை உப்பு நீரில் இட்டுக் கொல்லலாம் என்று கேள்வியுற்ற நாள் முதல், உயிருள்ள புழுவை அவர் தூண்டிலில் கோத்ததில்லை. அதனால் மீன் குறைவாகக் கிடைத்ததையும் அவர் பொருட்படுத்தவில்லை.

இத்தகைய சிறுவரும் ஒருமுறை தவறினார். தம் வலிமையை உணர்ந்து மகிழ்வதற்காகவே நாய்க்குட்டி ஒன்றை அடித்துவிட்டார். குட்டி அலறவில்லை; ஆதலின் அடி வலிதாய் இருந்திராது. ஆயினும் அச்செயல் முதுமை வரையில் அவர் நெஞ்சை உறுத்திற்று. அது நிகழ்ந்த இடத்தையும் அவர் மறந்தாரல்லர்.

தந்தையார் தம் மகனையும் மருத்துவராக்க விரும்பி, 1825ஆம் ஆண்டில் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கே உடற்கூற்றியல் விரிவுரைகள் டார்வினுக்குச் சலிப்பையும் அருவருப்பையும் தந்தன. மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. அறுவை மருத்துவம் நிகழ்ந்த கூடத்துக்கு அவர் இருமுறை சென்றார். அவற்றுள் ஒன்று சிறு குழந்தை ஒன்றுக்கு நிகழ்ந்தது. இருமுறையும் முடிவு வரை நிற்க இயலாமல் வெளியே ஓடிவந்துவிட்டார். அக்காட்சிகள் பல ஆண்டுகள் அவரை வருத்தின. 1827இல் மருத்துவக் கல்வியைக் கைவிட்டார்.

ஆனால் அந்த அருவருப்புக்கு அவர் பெருவிலை கொடுக்க நேர்ந்தது. 1831 முதல் 1836 வரை பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றி வந்தபோது, எண்ணற்ற உயிர்களைக் கண்டு குறிப்புகள் எழுதினார். உடலை அறுத்து ஆராயும் பயிற்சியும் படம் வரையும் திறனும் போதாமையால், அக்குறிப்புகளுள் பெரும்பகுதி பயனின்றிப் போயிற்று. எடின்பரோவில் தம்மை வற்புறுத்தி அப்பயிற்சியைப் பெறச் செய்யாமற்போனதைத் தம் வாழ்வின் பெருங்கேடுகளுள் ஒன்றாகவே அவர் பிற்காலத்தில் கருதினார். அக்குறையை நீக்குவதுபோல், பாறையிலும் மரக்கலத்தின் அடியிலும் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் சிற்றுயிரை 1846 முதல் 1854 வரை உருப்பெருக்கியின் கீழ் அறுத்து ஆராய்ந்தார்.

பின்னர்ப் பலவகைப் புறாக்களை வளர்த்து, அவற்றின் எலும்புகளை ஒப்பிட்டு நோக்கினார். அதன்பொருட்டுப் பத்து நாள் குஞ்சு ஒன்றைக் கொல்ல நேர்ந்தபோது, கொலைபுரிந்தவரைப் போல் வருந்தித் தம் நண்பருக்கு மடல் எழுதினார். அறிவு வேண்டும் என்னும் வேட்கையும் உயிர் துடிக்கிறதே என்னும் இரக்கமும் அவருள்ளத்தில் ஒருங்கே குடியிருந்தன.

அவருடைய கொள்கையே அவ்விரக்கத்துக்கு வலிமை தந்தது. மனிதரும் விலங்குகளும் ஒரே மரத்தின் கிளைகள் என்றும், இன்பமும் துன்பமும் அச்சமும் அன்பும் விலங்குகளுக்கும் உண்டு என்றும் 1871, 1872ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் நூல்களில் விளக்கினார். உறவு என்று கண்ட உயிரை வதைப்பது எங்ஙனம் பொருந்தும்?

அந்நாளில் உயிருள்ள விலங்குகளின்மீது ஆய்வு நிகழ்த்தும் முறை இங்கிலாந்தில் பெருகி வந்தது. தொடக்க நிலை மாணவர்க்கெனக் கூறி 1873இல் வெளியிடப்பட்ட ஆய்வுக்கூடக் கையேடு ஒன்று, பல இடங்களில் மயக்க மருந்தைப் பற்றிக் குறிப்பிடாமல் விட்டிருந்தது. இதனால் மக்கள் கொதித்தெழுந்தனர். பிரான்சிஸ் பவர் காப் என்னும் அம்மையார் இவ்வாய்வுகளை எதிர்த்து விண்ணப்பம் ஒன்றை உருவாக்கினார். டார்வினின் மகள் ஹென்ரியேட்டா அவ்விண்ணப்பத்தை 1875ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தந்தையிடம் அனுப்பினார்.

டார்வின் அதில் கையெழுத்திட மறுத்தார். உயிருள்ள உடலை ஆராயாமல் உடலியங்கியல் வளராது என்றும், அவ்வறிவு வருங்காலத்தில் மனிதர்க்கும் விலங்குகட்கும் நோய் தீர்க்கும் என்றும் அவர் நம்பினார். ஆயினும் அத்துடன் அமைந்தாரல்லர். ஆய்வும் நடைபெற வேண்டும், விலங்கும் வதைபடலாகாது என்னும் நோக்குடன் சட்ட முன்வரைவு ஒன்றை உருவாக்குவதில் அறிஞர் சிலருடன் சேர்ந்து உழைத்தார். அரசு ஆராய்ச்சிக் குழு ஒன்றை அமைத்தது. 1875 நவம்பர் 3ஆம் நாள் அதன்முன் சான்று கூறிய டார்வின், ஆய்வின் தேவையை வலியுறுத்தினார்; வலியைத் தவிர்க்கக்கூடிய இடத்தில் தவிர்க்காமல் ஆய்வு நிகழ்த்துவது வெறுக்கத்தக்கது என்பதையும் ஐயத்துக்கு இடமின்றி உரைத்தார். வீண் வேடிக்கைக்காக உயிரை அறுப்பதை எண்ணினாலே அவருக்கு உள்ளம் நடுங்கும்.

1876இல் சட்டம் நிறைவேறியது. அதன் சில பகுதிகள் டார்வினுக்கு உடன்பாடல்ல. ஆயினும் அதன் இரு விதிகள் நாம் கருதத்தக்கவை. தனிச் சான்றிதழ் இன்றி வகுப்பில் பாடத்தை விளக்குவதற்காக உயிருள்ள விலங்கை ஆய்வுக்கு உட்படுத்தலாகாது என்பது ஒன்று. கைத்திறன் பெறுவதற்காக மட்டும் அங்ஙனம் செய்தலாகாது என்பது மற்றொன்று. புதியதை அறிதற்குச் செய்யும் ஆய்வு வேறு, அறிந்ததையே மீண்டும் காட்டுதற்குச் செய்யும் ஆய்வு வேறு என்னும் தெளிவு அவ்விதிகளில் உண்டு.

துன்புறுத்தாமலும் ஆராயலாம் என்பதை டார்வின் தம் செயலாலும் காட்டினார். மண்புழுக்களுக்குச் செவிப்புலன் உண்டோ என அறிய, அவற்றினருகே ஊதல் ஊதியும் பியானோ வாசித்தும் பார்த்தார். ஓசையை அவை பொருட்படுத்தவில்லை. ஆனால் பியானோவின்மேல் வைத்தபோது அதன் அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஒடுங்கின. இவ்வாராய்ச்சி 1881இல் நூலாக வெளிவந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் டார்வின் மறைந்தார்.

இந்திய நாட்டில் 1960ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், நூலும் மாதிரியுருவும் திரைப்படமும் போதுமான இடத்தில் கல்லூரிகளில் விலங்காய்வைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுக்கும் வழக்கத்தை விலக்கியது.

மாணவர்களே, அறிவைத் தேடும் கை, தான் தொடும் உயிரின் வலியை மறத்தலாகாது. இவ்வறிவைப் பெற வேறு வழி இல்லையா என்று முதலில் வினவுதல் வேண்டும். அவ்வினாவை மறவாதவனே நல்ல அறிவியல் மாணவன் ஆவான்.