தோட்டத்துக்கு வாக்குக் கேட்ட தேசபக்தன்: கோ. நடேசய்யர்

வாக்காளர் இடாப்பு, பிரதேச சபை, வரவுசெலவுத் திட்டம் என்னும் சொற்கள் இன்று நம் வாயில் இலேசாக வருகின்றன. இச்சொற்களுக்கும் தமக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று மலைநாட்டுத் தமிழர் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. கங்காணி சொன்னதே சட்டம், துரை எழுதியதே தீர்ப்பு என்றிருந்த காலம் அது. அக்காலத்தில் தோட்ட மக்களைப் பிரஜைகளாக எண்ணிப் பேசியவர்களுள் முதல்வராக நின்றவர் தேசபக்தன் கோ. நடேசய்யர். சங்கத்தின் ஆண்டு மலரில் அப்பெரியாரின் வாழ்க்கையை நினைவுகூர்வது வாலிபராகிய நமக்குப் பயன் தருவதாகும். முதியோருக்கும் பழைய நினைவுகளை எழுப்புவதாகும்.

நடேசய்யர் 1887ஆம் ஆண்டில் தஞ்சைச் சீமையில் அந்தணர் குலத்தில் பிறந்தார். இளமையிலேயே பத்திரிகைத் தொழிலில் நாட்டங் கொண்டு, வியாபாரிகளுக்கென வர்த்தக மித்திரன் என்ற பத்திரிகையை நடத்தினார். 1915ஆம் ஆண்டில் கொழும்புக்கு வந்தார். வந்த இடத்தில் மலைநாட்டுத் தோட்டங்களைப் பற்றிப் பலரும் பலவாறாகப் பேசக் கேட்டார். கேட்டதோடு அமையாது நேரிற் காண விரும்பினார்.

ஆனால் தோட்டத்துக்குள் அந்நியர் நுழைவது அக்காலத்தில் எளிதான காரியமன்று. அனுமதியின்றிக் காலடி வைத்தால் அத்துமீறல் என்று வழக்குத் தொடரப்படும். புடைவை வியாபாரிகளுக்கு மாத்திரம் லயங்கள் வரை செல்ல இடமிருந்தது. ஆகவே நடேசய்யர் புடைவை வியாபாரி வேடம் பூண்டு தோட்டங்களுக்குட் புகுந்தார். தொழிலாளர் கங்காணியிடம் பட்ட கடனையும், அக்கடனோடு சேர்த்து அவர்களை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றும் துண்டு முறையையும் கண்ணாரக் கண்டார். அன்று கண்ட காட்சிகள் அவர் வாழ்வின் திசையையே மாற்றிவிட்டன. 1920ஆம் ஆண்டளவில் இலங்கையையே தம் ஊழியத்துக்குரிய பூமியாகக் கொண்டார். துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. எனினும் கடனும் பயமும் உடனே ஒழிந்துவிடவில்லை.

ஜனங்களுக்குத் தம் நிலை தெரியவேண்டுமானால் அவர்களுக்குச் செய்தி தெரியவேண்டும் என்பது அவர் கொள்கை. தேசநேசன் பத்திரிகையில் எழுதினார். பின்னர் 1924ஆம் ஆண்டு முதல் தேசபக்தனை நடத்தினார். சட்டசபையில் நடப்பது என்ன, தொழிலாளர் சட்டம் கூறுவது என்ன என்பவற்றை எளிய தமிழில் வெளியிட்டார். தோட்டத்தில் எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தாலும் போதும்; அவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். இவ்விதம் ஒரு பத்திரிகை ஒரு லயத்துக்கே பாடசாலையாயிற்று.

1925ஆம் ஆண்டில் நடந்த இடைத்தேர்தலில், இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட ஆசனமொன்றுக்குச் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். அக்காலத்தில் படிப்பும் வருமானமும் உடைய சிலருக்கே வாக்குரிமை இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ கவ்வாத்து வெட்டும் ஆணுக்கோ அது இல்லை. இருப்பினும் வாக்கில்லாதவர்களின் பிரதிநிதியாகவே அவர் பேசினார். கொழும்புத் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவோடு சேர்ந்து சில காலம் உழைத்தார். பின்னர் இந்தியத் தொழிலாளருக்கு விரோதமான பிரசாரம் அப்பக்கத்தில் தலைதூக்கவே பிரிந்தார். 1927ஆம் ஆண்டின் சட்டப்படி தோட்டங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் விதிக்கப்பட்டது. 1929இல் அது ஆணுக்கு நாளொன்றுக்கு உயர்நாட்டில் 54 சதம், மத்திய நாட்டில் 52 சதம், தாழ்நாட்டில் 50 சதமாக நிர்ணயமாயிற்று. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அச்சம்பளமும் குறைக்கப்பட்டது.

அந்த நெருக்கடியிலே, 1931ஆம் ஆண்டில், அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஸ்தாபித்தார். தோட்டத் தொழிலாளருக்கென எழுந்த முதற் சங்கம் அதுவே. அவர் மனைவியார் மீனாட்சியம்மையும் இத்தொண்டில் இணைந்து நின்றார். கூட்டங்களில் அம்மையார் பாட்டுப் பாடுவார்; பாட்டுக் கேட்கக் கூடிய ஜனங்கள் பேச்சையும் கேட்டுச் செல்வார்கள். பெண்கள் வெளியே வருவது அரிதாயிருந்த நாளில் ஒரு பெண்மணி மேடையேறியதைக் கண்டு லயத்துப் பெண்களும் கூட்டத்துக்கு வரத் துணிந்தார்கள்.

அதே 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியல் திட்டத்தின்படி 21 வயது நிரம்பிய ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. இந்தியருக்கோ அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. இந்நாடே தம் நிரந்தர வாசஸ்தலம் என்று காட்டவேண்டும். அன்றேல் கல்வி அல்லது சொத்துத் தகுதி வேண்டும். அதுவும் இல்லையேல் சான்றிதழ் பெறவேண்டும். ஆகவே, உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் போதாது, பெயர் இடாப்பில் ஏறவேண்டும் என்ற நிலை உண்டாயிற்று. 1931இல் ஏறக்குறைய 1 இலட்சமாயிருந்த இந்திய வாக்காளர் தொகை 1939இல் 2¼ இலட்சம் வரை உயர்ந்தது. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

அக்காலத்தில் எழுந்த கிராமக் கமிட்டிப் பிரச்சினை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. ஊர்ப் பாதை, கிணறு, சந்தை முதலியவற்றைப் பார்க்கும் ஸ்தாபனமே கிராமக் கமிட்டி. 1937ஆம் ஆண்டில் அதற்குரிய சட்டம் திருத்தப்பட்டபோது இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கில்லை என்று விதிக்க முற்பட்டார்கள். நடேசய்யர் முதலிய இந்தியப் பிரதிநிதிகளும் இந்திய அரசாங்கமும் எதிர்த்தனர். அதன் பயனாக இனத்தைக் குறிக்கும் சொல் நீங்கி, தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளர் எவருக்கும் வாக்கில்லை என்றாயிற்று. சொல் மாறியது, பலன் மாறவில்லை. வேலிக்கு அப்பால் கிராமம், இப்பால் தோட்டம் என்ற பிரிவு சட்டமாகவே நிலைத்தது.

நடேசய்யரின் முயற்சிகள் யாவும் வெற்றி பெற்றன என்று கூறுதல் உண்மையாகாது. 1939ஆம் ஆண்டில் ஜவஹர்லால் நேரு இங்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அதன் செல்வாக்கு வளர, சம்மேளனத்தின் பலம் குன்றியது. தலைவர்கள் ஒன்றுபட்டு நின்றிருந்தால் பின்வந்த துயரைத் தாங்கும் வலிமை நம் மக்களுக்குக் கூடியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. அவர் 1947ஆம் ஆண்டில் காலமானார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. அதை முற்றாக மீட்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

கிராமக் கமிட்டியின் நிழல் அதன் பின்பும் நீங்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்வர். அவ்வுறுப்பினரோ அவர்கள் லயத்துப் பாதைக்கு ஒரு வண்டி கல் கொட்டுவிக்க இயலாது. 2018ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டது. நடேசய்யர் காலத்தில் எழுந்த கேள்விக்கு எண்பது ஆண்டுகள் கழித்தே விடை கிடைத்தது.

கலகெதரை கண்டி–குருநாகல் வீதியில் அமைந்த சிறு பட்டணம். தும்பனைப் பிரதேச சபையின் ஆட்சிக்கு உட்பட்டது. பட்டணத்துக் கடைத்தெருவும் அயலிலுள்ள கிராமமும் தோட்டமும் ஒரே சபையின் கீழ் வாழ்கின்றன. குப்பை அகற்றல், வடிகால், வீதி விளக்கு, நூல்நிலையம், மயானம் ஆகியன எல்லோருக்கும் பொதுவானவை. இவற்றைப் பற்றி வீட்டுத் திண்ணையில் குறை கூறிக்கொண்டிருப்பது எளிது. எழுத்தில் ஒரு மனுக் கொடுப்பது சிறிது சிரமம். ஆயினும் அச்சிரமமே பிரஜையின் கடமை.

வாலிப நண்பர்களே, 18 வயது நிரம்பியதும் கிராம உத்தியோகத்தரிடம் சென்று உங்கள் பெயரை இடாப்பில் பதியுங்கள். வீட்டுப் பெரியோரின் பெயரும் உண்டா என்று பாருங்கள். சபையின் அறிவித்தல்களை வாசித்து, வாசிக்க இயலாத முதியோருக்கு விளக்குங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சபையின் கணக்கைக் கேட்க நமக்கு இடந் தருகிறது. பணிவோடும் துணிவோடும் கேளுங்கள். பெரியோர்களே, கூட்டங்களுக்குச் செல்லும் பிள்ளைகளைத் தடுக்காது உங்கள் அனுபவத்தைத் துணையாகக் கொடுங்கள். புடைவை மூட்டையைச் சுமந்து லயம் லயமாக நடந்த அப்பெரியாருக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி இதுவேயாகும்.