தாழை நிழலில் ஒரு நல்லாயன்

பசிபிக் பெருங்கடலின் நடுவே அமைந்த ஹவாய்த் தீவுகளுள் மொலோக்காய் என்பது ஒன்று. அதன் வடகரையில் நிலம் நாவைப்போலக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. மூன்று புறமும் அலைகடல். நான்காம் புறத்தில் 2,000 அடிக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறைச் சுவர். கலவுப்பாப்பா எனப்படும் அந்நிலத்தை இயற்கையே சிறையாகப் படைத்ததோ என்று காண்போர் எண்ணுவர். 1865ஆம் ஆண்டில் ஹவாய் அரசு தொழுநோயுற்றோரை ஒதுக்கிவைக்கும் சட்டமொன்றை இயற்றிற்று. மறு ஆண்டு ஜனவரித் திங்களில் முதற்குழுவினர் அங்குக் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். பெற்றோரையும் பிள்ளைகளையும் பிரித்த அவ்வழக்கம் 1969ஆம் ஆண்டில் முடிவுக்கு வரும்வரை ஏறத்தாழ 8,000 பேர் அந்நிலத்துக்கு அனுப்பப்பட்டனர். மீண்டு வந்தோர் மிகச் சிலரே. அவ்விடத்துக்குத் தாமே விரும்பிச் சென்று, அம்மக்களுள் ஒருவராகவே மடிந்தவர் அருட்தந்தை தமியான்.

பெல்ஜியம் நாட்டின் திரெமெலோ என்னும் சிற்றூரில், 1840ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோசேப்பு தெ வெஸ்தர். தமையனைப் பின்பற்றி லூவேன் நகரில் இயேசு மரியா திருஇருதயங்களின் சபையில் சேர்ந்தபோது, நோயாளருக்குத் தொண்டாற்றிய பண்டைய மருத்துவப் புனிதரின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். தென்தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய புனித சவேரியாரின் படத்தின் முன்னே நாள்தோறும் நின்று, தம்மையும் தொலைநாட்டுக்கு அனுப்புமாறு இறைவனை வேண்டிவந்தார். ஹவாய்க்குச் செல்லவேண்டியவர் தமையனே. அவர் நச்சுக் காய்ச்சலில் வீழ்ந்ததால், இளையவர் மேலாளரிடம் மன்றாடி அவருடைய இடத்தைப் பெற்றார். பிறருக்குரிய இடத்தில் தாம் சென்று நிற்றல் அவர் வாழ்வில் அன்றே தொடங்கிற்று.

1864ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கிய அவர், இரு திங்களில் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் கழிந்தன. எரிமலைச் சரிவுகளிலும் காட்டுவழிகளிலும் நடந்து மக்களைச் சந்தித்தார். தம் கைகளாலேயே மரம் அறுத்துச் சிற்றாலயங்கள் எழுப்பினார். அவருடைய மந்தையைச் சேர்ந்த பலரும் நோயின் பெயரால் மொலோக்காய்க்கு இட்டுச்செல்லப்பட்டதை அவர் கண்ணாரக் கண்டவர். ஆதலால், 1873ஆம் ஆண்டில் ஆயர் மெக்ரே அங்குக் குருக்களை அனுப்ப எண்ணியபோது, முன்வந்த நால்வருள் அவரும் ஒருவரானார். நால்வரும் முறைவைத்துச் சென்றுவரலாம் என்பதே ஏற்பாடு. மே 10ஆம் நாள் ஆயருடன் முதலாவதாகச் சென்று இறங்கிய தமியான், சில நாள்களிலேயே அங்கேயே நிலையாகத் தங்க அனுமதி வேண்டி எழுதினார். அப்பொழுது அவருக்கு வயது 33.

தங்குவதற்கு வீடில்லாமையால் முதற்சில வாரங்கள் ஆலயத்தருகே நின்ற தாழை மரத்தின் அடியிலேயே அவர் உறங்கினார். நோயாளர் குடிசைகளில் எழுந்த நாற்றம் தாங்கவொண்ணாதிருந்தது. அதனை மறைக்கப் புகைக்குழாய் பிடிக்கப் பழகினாரேயன்றி, எக்குடிசையையும் ஒதுக்கிச் செல்லவில்லை. புண்களைக் கழுவிக் கட்டினார். அவர்களுடன் ஒரே கலத்தில் உண்டார். சவப்பெட்டி செய்தார், குழியும் வெட்டினார். மலையடிவாரத்து நீரைக் குழாய்வழி ஊருக்குக் கொணர்வித்தார். வீடுகள் கட்டினார், அனாதைச் சிறுவர் சிறுமியருக்கு இல்லம் அமைத்தார், விரல் குறைந்தோரைக் கொண்டே இசைக்குழுவும் கண்டார். சாவுக்குக் காத்திருக்கும் கூட்டம் மெல்ல மெல்ல ஓர் ஊராயிற்று. நோய் தம்மைத் தீண்டுவதற்கு நெடுநாள் முன்பே, மறையுரைகளில் தம்மையும் தொழுநோயருள் ஒருவராகச் சேர்த்துப் பேசுவது அவர் வழக்கம்.

அத்தனிமையின் கடுமையை ஒரு நிகழ்ச்சி காட்டும். சபைத் தலைவர் ஒருமுறை கப்பலில் அவ்வழி வந்தார். அவர் இறங்கவோ, தமியான் ஏறவோ கப்பல் தலைவன் இசையவில்லை. பாவமன்னிப்புப் பெறும் பேற்றை இழக்க மனமில்லாத தமியான், சிறு படகில் நின்றபடியே, கப்பலில் இருந்தோர் பலர் கேட்கத் தம் குற்றங்களைப் பிரெஞ்சு மொழியில் உரக்க அறிக்கையிட்டார்.

1884ஆம் ஆண்டு டிசம்பரில் கொதிநீரில் கால் வைத்த அவர் சூட்டை உணரவில்லை. நோய் பற்றியமை அடுத்த ஆண்டில் உறுதியாயிற்று. கடவுளின் காவல் எங்கே போயிற்று என்ற வினா இங்கு எழாமற்போகாது. தம்மை நம்பினோரைக் கொள்ளைநோய்க்குத் தப்புவிப்பதாகத் திருப்பாடல் கூறும் இறைவன், தம் ஊழியனை ஏன் காக்கவில்லை? இவ்வினா 1888ஆம் ஆண்டு நவம்பரில் அங்கு வந்த அன்னை மரியான் கோப்பின் வாழ்வால் மேலும் கூர்மை பெறுகிறது. தம் சகோதரியருள் ஒருவருக்கும் நோய் வராது என்று அவர் உறுதி கூறியிருந்தார். அவ்வாறே ஒருவருக்கும் வரவில்லை. தூய்மை பேணும் முறைகளை அவர்கள் கண்டிப்பாகக் கைக்கொண்டனர் என்பதும், மக்களுள் பெரும்பாலோர்க்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு என்பதும் மருத்துவம் தரும் விளக்கங்கள். நம்பிக்கையோ இருவர் வாழ்விலும் ஒரே கரத்தைக் காண்கிறது. அன்னையைக் காத்தது நோயினின்று. தமியானைக் காத்தது அச்சத்தினின்றும் கசப்பினின்றும். சிலுவையில் தொங்கிய மகனையே விடுவிக்காத தந்தையின் காவல், உடலின் நலத்தோடு முடிந்துவிடுவதன்று. நோய் முற்றிய நாள்களிலும் தம்மைப்போல் மகிழ்ச்சியுடைய மறைப்பணியாளர் உலகில் இலர் என்றே தமியான் தம் மடல்களில் எழுதினார். ஆலயத்தை விரிவாக்கும் பணியையும் விடவில்லை.

1889ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், புனித வாரத்துத் திங்கட்கிழமையன்று, 49ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். முதல் நாள்களில் தமக்குக் கூரையாய் நின்ற அதே தாழையின் அடியில் அடக்கம் செய்யப்பட்டார். மறைந்த பின்னும் பழி அவரை விடவில்லை. ஹொனலூலுவில் வாழ்ந்த போதகர் ஒருவர் அவரைத் தூய்மையற்றவர், ஒழுக்கமற்றவர் என்று எழுதிய மடல் ஏடுகளில் வெளிவந்தது. தமியான் மறைந்த சில வாரங்களில் கலவுப்பாப்பா சென்று திரும்பியிருந்த ஆங்கில எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், 1890ஆம் ஆண்டில் திறந்த மடலொன்றால் அதற்கு மறுமொழி தந்தார். அவர் கத்தோலிக்கரல்லர். தமியானின் முரட்டுத்தன்மையையும் பிடிவாதத்தையும் மறைக்கவுமில்லை. குறைகளோடு கூடிய ஒரு மனிதனே இத்தகைய தியாகத்தைச் செய்தான் என்பதையே அவர் உலகுக்குக் காட்டினார்.

1936ஆம் ஆண்டில் அவர் உடல் பெல்ஜியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1995ஆம் ஆண்டில் அருளாளராக உயர்த்தப்பட்டபின், அவருடைய வலக்கை மட்டும் கலவாவோவின் பழைய கல்லறைக்கே திரும்பிற்று. 2009ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருஅவை அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் மொலோக்காயில் கால் வைத்த அதே 1873ஆம் ஆண்டில்தான் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். இன்று மருந்தால் அந்நோய் முற்றிலும் குணமாகிறது. எனினும், நோயுற்றோரை ஒதுக்கும் மனத்துக்கு மருந்து ஒன்றே உண்டு. பிணியாளரின் புண்ணைக் கட்டியும் பிணத்துக்குப் பெட்டி செய்தும் உழைத்த அக்கை, அம்மக்களின் கல்லறைகளுக்கு நடுவே இன்றும் துயில்கொள்கிறது.